கையசைத்தேன், குழந்தைகளும் கையசைத்தார்கள்: ஜப்பானில் பொம்மை உடைக்குள் ஒரு கோடை

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், டோக்கியோவுக்கு வடக்கே உள்ள சைத்தாமா மாகாணத்தில், ஒரு கடைவீதித் திருவிழாவில், அந்த ஊரின் சின்னமான, காய்கறி உருவம் கொண்ட பெரிய பொம்மை உடைக்குள் இருந்தபடியே நான் மயங்கி விழுந்தேன். எந்தக் காய்கறி என்று சொன்னால் ஊர் தெரிந்துவிடும் என்பதால் அதைச் சொல்லாமல் விடுகிறேன். இரண்டு இரவுகள் மருத்துவமனையிலும் பதினொரு நாட்கள் அறையிலும் கிடந்தேன். மருத்துவமனையில் முதலில் என் கையிலிருந்து கட்டிய தொகை 41,280 யென். அதற்குப் பிறகு வேலைக்குப் போக முடியாமல் இழந்த ஒன்பது நாள் சம்பளம் 67,500 யென். அன்றைய மதிப்பில் இரண்டும் சேர்ந்து 60,000 ரூபாய்க்கு மேல் வரும். இந்த வேலையில் சேருவதற்கு முன் தமிழில் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று நான் தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை. ஜப்பானுக்குப் படிக்க வந்து, கோடை விடுமுறையில் இதே வேலையைத் தேடப்போகும் இன்னொரு பெண்ணுக்காக இதை எழுதுகிறேன்.

நான் அந்த வேலைக்குப் பணத்துக்காக மட்டும் போகவில்லை. முதுகலைப் படிப்புக்காக இங்கே வந்த முதல் ஆண்டில், மொழி பிடிபடாத அந்த மாதங்களில், என்னிடம் அன்பாகப் பேசியவை, இங்கே ஊர்களும் அலுவலகங்களும் தங்கள் சின்னமாக வைத்திருக்கும் சித்திர முகங்கள்தாம். எந்தக் குப்பையை எந்தக் கிழமையில் வெளியே வைக்க வேண்டும் என்று நகராட்சி தந்த துண்டறிக்கையில் ஒரு பொம்மை முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எழுத்து புரியாதபோது அதன் கை காட்டிய படத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். டோக்கியோ பெருநகரக் காவல்துறைக்கே 1987 முதல் பீப்போ-குன் என்று ஒரு சித்திரக் கதாபாத்திரம் இருக்கிறது. 1974இல் உருவான ஹலோ கிட்டியை நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் ஊருக்கு ஒன்றாக இருக்கும் இந்தப் பாத்திரங்களின் கதை வேறு. இவற்றுக்கு 'யுரு-க்யாரா' என்று பெயர்; சற்றே தளர்வான, கச்சிதம் குறைந்த, அதனாலேயே மனத்துக்கு நெருக்கமான உருவம் என்று அதன் பொருளை விரிக்கலாம். அந்தச் சொல்லை உருவாக்கியவர் ஓவியரும் எழுத்தாளருமான மியுரா ஜுன். 2007இல் ஹிக்கோனே கோட்டையின் 400ஆம் ஆண்டு விழாவுக்காகச் சிவப்புத் தலைக்கவசம் அணிந்த ஹிக்கோன்யான் என்னும் வெள்ளைப் பூனை புகழ்பெற்ற பிறகு, ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கத் தொடங்கின. 2010இல் குமாமோத்தோ மாகாணம் உருவாக்கிய குமாமோன் என்னும் கருப்புக் கரடி, 2011 நவம்பர் முதல் இரண்டே ஆண்டுகளில் அந்த மாகாணத்துக்கு 12,320 கோடி யென் அளவுக்குப் பொருளாதாரப் பயன் தந்ததாக ஜப்பான் மத்திய வங்கியின் குமாமோத்தோ கிளை கணக்கிட்டது. இதைக் கண்ட எந்த ஊர்தான் சும்மா இருக்கும்? ஒசாகா மாகாணம், பாத்திரங்கள் அளவுக்கு மீறிவிட்டன என்று ஒரு கட்டத்தில் அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கவே வேண்டியிருந்தது.

நான் வசித்த சைத்தாமாவிலும் இவற்றுக்குக் குறைவில்லை. மாகாணத்துக்குப் புறா வடிவில் கோபாத்தோன். ஃபுக்காயா நகருக்கு, அந்த ஊரில் விளையும் வெங்காயத்தாளையே கொம்பாகக் கொண்ட ஃபுக்காச்சான். குமகாயாவுக்குப் பழைய போர்வீரர் ஒருவரின் பெயரைத் தழுவிய ஞாவோசானே என்னும் பூனை. 2018இல் நாடளாவிய யுரு-க்யாரா போட்டியில் முதலிடம் பெற்ற கப்பாருவும் சைத்தாமாவின் ஷிக்கி நகரைச் சேர்ந்ததுதான். ஆகவே, 'பாத்திர உடை அணியும் பகுதிநேர வேலை, உயரம் 150 முதல் 160 சென்டிமீட்டருக்குள், மணிக்கு 1,250 யென், அனுபவம் தேவையில்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடன், 156 சென்டிமீட்டர் உயரம் கொண்ட நான் இது எனக்கென்றே வந்தது என்று நினைத்தேன். அந்தக் கோடையில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 1,072 யென்தான். ஜப்பானிய மொழி சரளமாக வராதவருக்கு, வாய் திறக்கவே தேவையில்லாத ஒரு வேலை அதைவிடக் கூடுதல் சம்பளத்துடன் கிடைப்பது பெரிய விஷயமாக அப்போது தோன்றியது.

இங்கே சற்று நிறுத்தி, கையெழுத்திடும் முன் நான் பார்த்திருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் குடிவரவு அலுவலகத்தின் அனுமதி பெற்ற பிறகே பகுதிநேர வேலை செய்யலாம். அந்த அனுமதி குடியிருப்பு அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கும். வாரத்துக்கு 28 மணி நேரம் உச்சவரம்பு. கல்லூரியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு எட்டு மணி நேரம் வரை போகலாம். இது எனக்குத் தெரிந்திருந்தது, எல்லோருக்கும் தெரிந்ததும்கூட. தெரியாமல் போனது, என்னிடம் தரப்படும் தாள் எந்த வகையானது என்பது. 'கோயோ கெய்யாக்கு' என்றால் வேலை ஒப்பந்தம்: நீங்கள் தொழிலாளி, உங்களுக்கு அடிபட்டால் அரசின் தொழிலாளர் விபத்துக் காப்பீடு பொறுப்பேற்கும். 'க்யோமு இத்தாக்கு' என்றால் பணியை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்வது: நீங்கள் தனி ஒப்பந்தக்காரர், அந்தக் காப்பீடு பொதுவாக உங்களைச் சேராது. நிகழ்ச்சி வேலைகளில் இரண்டும் புழங்குகின்றன. என்னுடையது முதல் வகை. அது என் நல்வாய்ப்பு, என் முன்யோசனை அல்ல. தாளின் தலைப்பில் இருக்கும் அந்த நான்கு எழுத்துகளைக் கைப்பேசியில் படம் எடுத்து, மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். அதோடு, ஒருமுறை உடை அணிந்தால் எத்தனை நிமிடம், இடையில் எத்தனை நிமிட ஓய்வு, உடன் வருபவர் யார், உடை மாற்றும் அறையில் குளிர்சாதனம் உண்டா என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் போக வேண்டாம்.

இந்த உடையைக் 'கிகுருமி' என்கிறார்கள். நான் அணிந்ததன் தலை நுரைப்பஞ்சாலும் உடல் அடர்ந்த ரோமத் துணியாலும் ஆனவை. மொத்த எடை ஒன்பது கிலோவுக்கு மேல். வாய்ப் பகுதியில் தைத்திருந்த கருப்பு வலை வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். எதிரே நிற்பவரின் மார்பு தெரியும், காலடியில் நிற்கும் குழந்தை தெரியாது. அதனால் 'அத்தெந்தோ' எனப்படும் உடனாள் ஒருவர் கையைப் பிடித்து நடத்திச் செல்வார். படி வருகிறது, பின்னால் தள்ளுவண்டி நிற்கிறது என்று காதருகே மெல்லச் சொல்வார். காற்று ஊதி உப்ப வைக்கும் இன்னொரு வகை உடையில் விசிறி ஓயாமல் சுழல்வதால் புழுக்கம் குறைவு, எடையும் குறைவு. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் கோடையில் அதையே கேளுங்கள்.

உடையைவிட முக்கியமானவை அதை அணிவதற்கான விதிகள். பேசக்கூடாது, பொதுமக்கள் பார்வையில் தலையைக் கழற்றக்கூடாது, இந்த வேலையைச் செய்வதாக யாரிடமும் சொல்லக்கூடாது. ஆங்கிலத்தில் கேட்டாலும் ஜப்பானியத்தில் கேட்டாலும் விடை ஒன்றுதான்: உள்ளே யாரும் இல்லை. எங்கள் பக்கம் குலசேகரன்பட்டினம் தசராவில் கரடி வேடம் போட்டவர் கரடித் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் பார்க்கத் தேநீர் குடிப்பார். குழந்தைகள் அவரைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். பிறகு அவர் மறுபடியும் கரடியாகிவிடுவார். வேடத்துக்குள் மனிதர் இருப்பது அங்கே யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை. இங்கே அப்படி இல்லை. பாத்திரத்துக்குப் பிறந்த நாள் உண்டு, பிடித்த உணவு உண்டு, சிலவற்றுக்குப் பதவியும் உண்டு; குமாமோன் தன் மாகாணத்தின் விற்பனை மேலாளர். அதற்குள் ஒரு ஆள் வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் எழவே கூடாது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. முதல் எட்டு வேலைநாட்களில் அந்த விதியின் அழகை உள்ளிருந்து அனுபவித்தேன். ஒரு முதிய பெண்மணி தினமும் மாலையில் வந்து, என் பஞ்சுக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அன்று என்ன சமைத்தார் என்று சொல்லிவிட்டுப் போவார். பேச்சு வராத ஒரு சிறுவன் என் வயிற்றில் முகம் புதைத்து நெடுநேரம் நின்றான். அவன் தாய் அழுதார். 2016 ஏப்ரலில் குமாமோத்தோவை நிலநடுக்கம் உலுக்கியபோது குமாமோன் சில வாரங்கள் வெளியே வரவில்லை. மே 5, சிறுவர் தினத்தன்று பாதிக்கப்பட்ட பகுதிக் குழந்தைகளைப் பார்க்க வந்தபோது அவர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். ஆழிப்பேரலையில் பெரும் அழிவைக் கண்ட ரிக்குசென்தக்காத்தா நகரின் பாத்திரம்தான் 2020இல் நடந்த கடைசி யுரு-க்யாரா போட்டியில் முதலிடம் பெற்றது. இவற்றை முன்பு செய்தியாகப் படித்திருந்தேன். அந்தச் சிறுவன் என்னைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளில்தான் அவை எனக்கு விளங்கின. ஒரு மனிதரிடம் காட்டத் தயங்கும் அன்பை, உள்ளே யாரும் இல்லை என்று நம்பும்போது மக்கள் தயங்காமல் காட்டுகிறார்கள்.

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானில் 1898 முதல் எடுக்கப்பட்டுவரும் பதிவுகளில் அதுவரை இல்லாத வெப்பமான கோடை அது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து தொலைவில் இல்லாத குமகாயா 2018இல் 41.1 டிகிரியைத் தொட்ட ஊர்; அந்தப் பகுதியின் புழுக்கத்தைச் சென்னையின் கத்திரி வெயிலைப் பார்த்த நானும் தாங்கமுடியாமல்தான் இருந்தேன். அன்று நண்பகலில் 37 டிகிரி. வழக்கமாக இருபது நிமிடம் என்று சொல்லப்பட்டிருந்தது. ஆனால் படம் எடுக்க வரிசை நீண்டுவிட்டதால் 'இன்னும் சிறிது நேரம், முடியுமா?' என்று உடனாள் கேட்டார். அவருக்குத் தலையசைத்தேன். முடியாது என்று சொல்லும் வழக்கம் எனக்கில்லை. மொழி தெரியாத ஊரில் அது இன்னும் குறைந்துபோயிருந்தது. பிறகு வரிசையை ஒழுங்கு செய்ய அவர் முன்னால் போய்விட்டார். நாற்பது நிமிடம் கடந்திருக்கும். தலைக்குள் இருந்த சிறு மின்விசிறி மின்கலம் தீர்ந்து நின்றது. முதலில் விரல்கள் மரத்தன, பிறகு கெண்டைக்கால் இழுத்தது, பிறகு அதுவரை ஓடிக்கொண்டிருந்த வியர்வை நின்றுபோய் உடம்பு சில்லென்று ஆனது போலிருந்தது. ஏதோ தவறாகிறது என்று புரிந்து, உதவிக்காக இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். எதிரே இருந்த குழந்தைகள் அனைவரும் மகிழ்ந்து கைகளை ஆட்டினார்கள். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அவர்களும் வேகமாக ஆட்டினார்கள். வலைக்குள்ளிருந்து 'தஸுகேத்தே', காப்பாற்றுங்கள், என்று கத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முழங்கால் மடிந்து உட்கார்ந்தபோதும் கூட்டம் சிரித்தது, அது வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்து. அந்தச் சிரிப்பில் ஒரு துளியும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் இத்தனை பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் நான் தெரியவில்லை என்ற அந்தத் தனிமையை அதற்கு முன்னும் பின்னும் நான் உணர்ந்ததில்லை.

விழுந்த பிறகு நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். அங்கேயே தலையைக் கழற்றவில்லை. குழந்தைகள் பார்க்கிறார்கள் என்பதால், இரண்டு பேர் தூக்கிக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்த்தான் கழற்றினார்கள். ஒரு கடைக்காரர் 119க்கு அழைத்தார். ஆம்புலன்ஸில் ஏற்றியபோது உடல் வெப்பம் 39.4 டிகிரி.

உடம்பைப் பற்றி நான் கற்றவை இவை. வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். ஈரப்பதத்தையும் வெப்பக் கதிர்வீச்சையும் சேர்த்துக் கணக்கிடும் 'அட்சுசா ஷிசூ' என்னும் வெப்பச் சுட்டெண்ணைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அன்றாடம் வெளியிடுகிறது. அது 28ஐ எட்டினால் கடும் எச்சரிக்கை, 31ஐ எட்டினால் சாதாரண உடையில்கூட உடற்பயிற்சியை நிறுத்த வேண்டும் என்பது பொது வழிகாட்டல். ரோம உடைக்குள் இருப்பவர் அந்த எண்ணுக்கு வெகு முன்பே நிறுத்த வேண்டும். வெயில் இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்றும் எண்ண வேண்டாம்: 2019 ஜூலை இறுதியில் ஒசாகா மாகாணத்தில் ஒரு பூங்காவில், பொம்மை உடை அணிந்து இரவில் நடனப் பயிற்சி செய்த 28 வயதுப் பகுதிநேர ஊழியர் ஒருவர் வெப்பத்தாக்கால் உயிரிழந்தார். இந்தச் செய்தியை மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் முதன்முதலில் படித்தேன். படித்துவிட்டு அன்றிரவு முழுவதும் தூங்கவில்லை. உடைக்குள் பனிக்கட்டிப் பொதிகள் செருகும் மேற்சட்டை கிடைக்கும். நிறுவனம் தராவிட்டால் சொந்தமாக வாங்குங்கள். தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், இல்லையெனில் வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்க முடியாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாற்றிக்கொள்ள உலர்ந்த பனியன்கள் வேண்டும். தண்ணீரை மட்டும் குடிக்காமல் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடை அணிவதற்கு முன்பே உடனாளுடன் ஒரு கைக்குறியைப் பேசி முடிவு செய்யுங்கள். கையசைப்பது குறி ஆகாது, அது எல்லோருக்கும் வணக்கமாகத்தான் தெரியும். இரண்டு கைகளையும் தலைமேல் குறுக்காக வைத்தால் உடனே உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும், கையை மூன்று முறை அழுத்தினால் உடல்நலம் சரியில்லை என்பது போல ஏதாவது ஒன்று. அந்த உடனாள் உங்கள் கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகரவே கூடாது.

இனிப் பணத்தைப் பற்றி. அடுத்த நாள் மாலை நிறுவனத்திலிருந்து ஒருவர் பழக்கூடையுடன் வந்தார். மிகவும் பணிவாக மன்னிப்புக் கேட்டார். பிறகு, மருத்துவமனையில் உங்கள் தேசிய மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டிவிடுங்கள், வேலையில் நடந்தது என்று சொன்னால் தாள்கள் அதிகமாகும், விசாவுக்கும் சிக்கல் வரலாம் என்றார். நான் நம்பினேன். விசா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அட்டையைக் காட்டி, மொத்தச் செலவில் என் பங்கான பத்தில் மூன்று பகுதியை, அதாவது அந்த 41,280 யென்னைக் கட்டினேன். வீட்டுக்கு எதுவும் சொல்லவில்லை. அம்மா காணொளியில் அழைத்தபோது கேமராவை அணைத்துவிட்டு, இணையம் சரியில்லை என்றேன்.

அவர் சொன்னது தவறு. வேலையின்போது ஏற்பட்ட நோய்க்கும் காயத்துக்கும் 'ரோசாய்' எனப்படும் தொழிலாளர் விபத்துக் காப்பீடுதான் பொறுப்பு. பகுதிநேர ஊழியர், வெளிநாட்டு மாணவர் என்ற வேறுபாடு அதில் கிடையாது. முழுச் சிகிச்சைச் செலவையும் அது ஏற்கும், நீங்கள் ஒரு யென்னும் கட்டத் தேவையில்லை. மருத்துவக் காப்பீட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. விபத்தை மறைப்பதற்கு 'ரோசாய் ககுஷி' என்று பெயரே இருக்கிறது, அது சட்டப்படி குற்றம். இவற்றை என் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசனை அறையில் ஓர் அலுவலர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அங்கே போகவே எனக்குப் பத்து நாட்கள் ஆயின. அவரே என்னைத் தொழிலாளர் தர மேற்பார்வை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். விண்ணப்பத்தில் நிறுவனத்தின் கையொப்பம் வேண்டுமே, அவர்கள் மறுத்தால் என்ன செய்வது என்று பயந்தேன். மறுத்தால் அதைக் குறிப்பிட்டே விண்ணப்பிக்கலாம் என்று அங்கிருந்தவர் சொன்னார். ஏற்கெனவே அட்டையைப் பயன்படுத்திவிட்டதால் மாற்றும் வேலை இரட்டிப்பானது. தேசியக் காப்பீடு கட்டிய பங்கை முதலில் நான் திருப்பிச் செலுத்த வேண்டும், பிறகு முழுத் தொகையையும் ரோசாயிடம் கேட்க வேண்டும் என்ற நிலை; சிகிச்சை பெற்ற அதே மாதம் முடிவதற்குள் மருத்துவமனையிடம் சொல்லியிருந்தால் அங்கேயே மாற்றியிருப்பார்களாம். நகராட்சி, மருத்துவமனை, மேற்பார்வை அலுவலகம் என்று ஏழு முறை அலைந்தேன். பணம் வந்து சேர ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. வேலைக்குப் போகாத நாட்களில் நான்காவது நாளிலிருந்து சராசரிச் சம்பளத்தில் 80 சதவீதமும் கிடைத்தது; என் சராசரி சிறியது என்பதால் தொகையும் சிறியது. சிகிச்சைச் செலவையும் இந்தச் சம்பள இழப்பீட்டையும் இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். என் விசாவுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை.

ஆகவே, ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை இங்கே எழுதுகிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'ஷிகோத்தோ ச்சூ தெஸு', வேலையின்போது நடந்தது. அதை மருத்துவமனை வரவேற்பில் மறுபடியும் சொல்லுங்கள். வேலை நேர அட்டையையும் அன்று வந்த குறுஞ்செய்திகளையும் படம் எடுத்து வையுங்கள். 'இன்னும் சிறிது நேரம் முடியுமா' என்று உடனாள் முந்தைய வாரம் அனுப்பிய ஒரு செய்தியே எனக்குச் சான்றாக உதவியது.

2025 ஜூன் 1 முதல் ஜப்பானில் விதி கடுமையாகியிருக்கிறது. வெப்பச் சுட்டெண் 28 அல்லது வெப்பநிலை 31 டிகிரியை எட்டும் இடத்தில் தொடர்ந்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ, அல்லது நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால், உடல்நலம் குன்றியவரைப் பற்றி யாரிடம் தெரிவிப்பது, அவரை எப்படிக் குளிர்விப்பது, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பவற்றை முன்கூட்டியே வகுத்து ஊழியர்களுக்கு அறிவித்திருக்க வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. வேலைக்குச் சேரும் நாளிலேயே அந்த ஏற்பாட்டைக் காட்டும்படி நீங்கள் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மறுபடியும் அந்த உடைக்குள் போவேன் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த முதிய பெண்மணியை மறக்க முடியவில்லை. மறு ஆண்டு நவம்பரில், வேறொரு ஊரின் தன்னார்வக் குழு கேட்டபோது, ஒரு தாளில் ஜப்பானிய மொழியில் ஐந்து வரிகள் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்: இருபது நிமிடம், இருபது நிமிட ஓய்வு, ஒரே உடனாள், கைக்குறி, தேவைப்பட்டால் கூட்டத்தின் நடுவிலேயே தலையைக் கழற்றுவேன். கடைசி வரியைப் படித்த குழுத் தலைவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் முத்திரையைக் குத்தினார். உடனாளாக வந்த பெண் தன் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு, என்னுடன் கைக்குறியை மூன்று முறை ஒத்திகை பார்த்தார். அன்று வெளியே 14 டிகிரிதான், இதமான காற்று, எனக்குச் சோர்வே இல்லை, வரிசையில் இன்னும் முப்பது குழந்தைகளாவது நின்றிருப்பார்கள். இருபதாவது நிமிடத்தில் அவர் அவர்களை வணங்கி, 'அவனுக்குப் பசிக்கிறதாம், சாப்பிட்டுவிட்டு வருவான்' என்று சொல்லி, என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார்.